ஜோடி என்றால் இரண்டு

எங்கள் தொழிலில் ஜோடி என்றால் இரண்டு. அவ்வளவுதான் சார். மாட்டுச் சந்தையில் ஜோடி என்றால் ஏரில் பூட்டுகிற இரண்டு காளை. அங்கே போய் இதில் எது பசு என்று யாராவது கேட்பார்களா? அதுபோல மீன் கடையில் ஜோடி என்றால் ஒரு கவரில் இரண்டு மீன். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண் அப்படி எடுத்துக்கொண்டாள்.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன், தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்குக் கொஞ்சம் கேளுங்கள். சென்னை வரை வருகிறீர்கள் அல்லவா? நானும் அங்கேதான். தொட்டி மீன் வியாபாரம். சமைக்கிற மீன் இல்லை, வீட்டில் கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கிற மீன். எங்கள் தெருவில் வரிசையாக அந்தக் கடைதான். தேசிங்கு கடை என்று கேட்டால் காட்டுவார்கள். இன்றைக்கு இந்தப் பக்கம் வந்தது, அம்சவேணி என்கிற அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு விஷயம் சொல்ல. சொல்லிவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. லேசாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அவள் பெரியபாளையம் தாண்டி உள்ளே ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மகளிர் குழுவில் மீன் வளர்ப்புப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டிக்கொண்டு, குஞ்சு எடுத்து விற்கலாம் என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். புருஷன் பெயர் லோகநாதன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அதிகம் வாய் திறக்காத ஆள். கடை வாசலிலேயே நின்றுவிட்டான்.

கடையில் எத்தனையோ மீன் இருக்கிறது. கப்பி இருக்கிறது, மோலி இருக்கிறது, ஈ எறும்பு போலக் குட்டி போடும். அதை எடுத்துக்கொண்டு போயிருந்தால் இன்றைக்கு நானும் நீங்களும் பேச ஒன்றுமே இல்லை. அவள் பீக்காக் கேட்டாள். மயில் என்று பெயர் வைத்த மீன். நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மினுமினுக்கும்.

"அண்ணே, இந்த மீனு முட்டய வாயிலயே வச்சுக் காப்பாத்துமாமே?"

"ஆமாம்மா. குஞ்சு நீந்துற வரைக்கும் வாயத் திறக்காது. தீனியும் திங்காது."

"பட்டினி கெடக்குமா?"

"கெடக்கும்."

"அப்ப இதையே குடுங்க" என்றாள். வாசலில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம், பிள்ளை இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மீன் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்றுதான் சொல்ல ஆசை.

சார், மயிலில் தோகை எதற்கு இருக்கிறது? ஆணுக்கு. இந்த மீனிலும் அப்படித்தான். நிறம் முழுக்க ஆணுக்கு. பெண், சாம்பல் நிறத்தில் ஊர்க்குருவி மாதிரி இருக்கும். அதை யார் வாங்குவார்கள்? ஆண் குஞ்சுக்கும் நிறம் ஏற நாள் பிடிக்கும். அதுவரை தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, கரண்ட் பில் கட்டி உட்கார்ந்திருக்க முடியுமா? அதற்குத்தான் மருந்து.

என்ன மருந்தா? ஆண் ஹார்மோன். வெள்ளைப் பொடி. ஸ்பிரிட்டில் கரைத்து, தீனியில் தெளித்து, நிழலில் உலர்த்தி, குஞ்சாக இருக்கும்போதே போட ஆரம்பித்தால், ஆண் பெண் எல்லாம் ஒன்றுபோல மினுமினுக்கும். எங்கள் தெருவில் நான் ஒருவன்தான் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். யார் யார் போடுகிறார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன்.

எனக்குத் தீனி கொண்டுவந்து கொடுக்கிறவர் ஒருநாள் விளக்கினார். மீனின் மூளைக்கு அடியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறதாம். மழை வந்தது, தண்ணீர் குளிர்ந்தது, பகல் நீண்டது என்று மூளைக்குத் தெரிந்தால், அந்தச் சுரப்பி ரத்தத்தில் ஒரு சேதி அனுப்பும். சினை வை என்று. அந்தச் சேதி போனால்தான் முட்டை முற்றும். பண்ணைகளில் கெண்டை மீனுக்கு ஊசி போடுகிறார்களே, அது அந்தச் சேதியை நாமே அனுப்புவது. ஆற்று வெள்ளத்தில் மட்டும் முட்டை போடுகிற மீன், ஊசி போட்டால் வெறும் தொட்டியிலேயே போட்டுவிடும். அது நல்ல காரியம். ஊருக்கே குஞ்சு கிடைக்கிறது. நான் போடுகிற மருந்தும் சேதிதான், ஆனால் பொய்ச் சேதி. பெண்ணின் உடம்புக்குள் போய் நீ ஆண் என்று சொல்லும். உடம்பு நம்பிவிடும். நிறம் ஏறும். உள்ளே சினைப்பை வளராது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் கவரைக் கட்டிக் கொடுத்தேன். ஜோடி ஜோடியாக.

அவள் ஒன்றும் ஏமாளி இல்லை, அதையும் சொல்லவேண்டும். கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எல்லாமே கலரா இருக்கேண்ணே. பொட்ட மங்கலா இருக்கும்னு போன்ல பார்த்தேன்."

"அது பழைய ரகம்மா. இது புது ரகம். இதுல பொட்டயும் கலர்தான்."

இதை முதலில் சொல்லாமல் விட்டேன், இல்லையா? ஜோடி என்பதோடு நிறுத்தினேன். விட்டுவிட்டுச் சொன்னால் முழுக்கச் சொன்னதாகாது என்று இப்போது சொல்கிறேன். ஆனால் ஒன்று, நீங்கள் வியாபாரம் செய்திருந்தால் தெரியும், வாங்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வாய் வராது.

கொஞ்ச நாள் கழித்துப் போன் வர ஆரம்பித்தது. மீனின் நிறம் வெளுக்கிறது என்றாள். வெளுக்கத்தான் செய்யும். மருந்துத் தீனி நின்றுவிட்டதே. "தண்ணி சேரலம்மா, மாத்து" என்றேன். மாற்றினாள். கிணற்றுத் தண்ணீர் சரியில்லையோ என்று தூரத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து மாற்றினாளாம். பிறகு தொட்டிமேல் கீற்று வேய்ந்தாளாம். பிறகு எடுத்துவிட்டாளாம். நான் எதைச் சொன்னாலும் செய்தாள். அதுதான் சார் தொந்தரவு. சில பேர் நாம் சொல்வதைச் செய்யமாட்டார்கள், நமக்கும் நிம்மதி. இவள் எல்லாவற்றையும் செய்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டாள்.

ஒருநாள் போனில் குரல் குசுகுசுவென்று இருந்தது.

"அண்ணே, ஒண்ணு தீனி எடுக்கல. மூலையில போயி நிக்குது. வாயில வச்சிருக்கு போல."

"அப்படியா?"

"வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அந்த மீனின் வாயில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். நோவு கண்ட மீனும் அப்படித்தான் மூலையில் நிற்கும். "தொந்தரவு பண்ணாம விட்டுடும்மா" என்றேன். அதைத்தான் சொன்னேன். அவளும் தொட்டி அருகில் நடமாடுகிறவர்களை எல்லாம் மெல்ல நடக்கச் சொன்னாளாம். மீன் செத்து மிதந்தபோது வாயைத் திறந்து பார்த்திருக்கிறாள். அதை அவளே சொன்னாள். அழவில்லை. திறந்து பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த போனில்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். கடையில் கூட்டம். அவள் தண்ணீர், தீனி, வெளிச்சம் என்று பழையபடி கேட்டுக்கொண்டே போகிறாள். எனக்கு எரிச்சல். எரிச்சல் என்றால் அவள்மேல் இல்லை. இருந்தாலும் அவளிடம்தான் காட்ட முடிந்தது.

"சில பேருக்குக் கைராசி இல்லன்னா மீன் சினை புடிக்காதும்மா" என்றேன்.

இது எங்கள் கடைகளில் எல்லோரும் சொல்வதுதான் சார். வாங்கியவரையும் குற்றம் சொல்லாமல், விற்றவரையும் குற்றம் சொல்லாமல் பழியை ஆண்டவன்மேல் போட்டுவிடுகிற சொல். அதில் ஒரு விஷமும் கிடையாது. தலையாட்டிக்கொண்டு வேறு மீன் வாங்கிப் போவார்கள்.

அவள் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கை ஈரம். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுவர்மேல் வைத்திருந்திருக்கிறாள். அப்புறம் வேறொரு பெண் குரல், தூரத்திலிருந்து கேட்டது.

"கேட்டுக்கடா லோகு. நான் சொன்னா கிழவி பொலம்புறான்னு சொல்லுவ. கடைக்காரனே சொல்றான்."

அவளுடைய மாமியார்.

அதற்கப்புறம் அவள் போன் செய்யவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா? நிம்மதியாகத்தான் இருந்தது. லோகநாதன் ஏதோ சவாரிக்குச் சென்னை வந்தவன் கடை வாசலில் வந்து நிற்கிற வரைக்கும்.

"எப்படி இருக்கு மீனு?" என்றேன்.

"இருக்கு."

"வீட்ல?"

"அவள அம்மா தொட்டிக்கிட்ட விடறதில்ல."

"ஏன்பா?"

"அவ கை பட்டா மீனுக்கும் நிக்காதுன்றாங்க. தெருவுல ஒரு சீமந்தம். அதுக்குக்கூடக் கூப்பிடல."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை சார். அது தெரியவேண்டும். கடைக்காரன் சொன்ன உண்மையைத் தன் வீட்டில் அதிகமாக எடுத்துக்கொண்டார்கள் என்கிற மாதிரிதான் பேசினான். நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். உன் பெண்டாட்டி கையில் ஒன்றுமில்லையப்பா, கோளாறு என் கையில் இருக்கிறது என்று. பக்கத்துக் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேறு இரண்டு பேர் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நான் சும்மா விடவில்லை. பின்பக்கம் போனேன். மருந்து தின்னாத தாய் மீன்கள் என்று தனியாக ஒரு தொட்டி வைத்திருப்போம். எங்களுக்குக் குஞ்சு வேண்டுமே. அதை யாருக்கும் விற்பதில்லை. அதிலிருந்து ஒரு நல்ல ஆணும் அதற்கேற்ற பெண்களுமாக எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

"என்னாண்ணே இது, குருவி கணக்கா இருக்கு?"

"நல்ல வம்சம்பா. பழச எடுத்துட்டு இத விடு. உன் பெண்டாட்டி கையால விடச் சொல்லு."

சொன்னேன் சார், அவள் கையால் என்று தெளிவாகச் சொன்னேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. இந்த மீன் சினை பிடிக்கும். பிடித்தால் அவள் கைக்கு வந்த கெட்ட பெயர் போய்விடும். என் பெயரும் கெடாது. தெருவின் பெயரும் கெடாது. இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றுகிறதா?

கொஞ்ச காலம் போனது. லோகநாதன் நம்பரிலிருந்து போன் வந்தது. பெண் குரல். சிரிப்பு.

"அண்ணே, மீனு தீனி எடுக்கல. தாடை உப்பியிருக்கு. உத்துப் பார்த்தா உள்ள முட்ட தெரியுது."

இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன். சொல்லவேண்டியதை முன்பே யோசித்தும் வைத்திருந்தேன். இந்தத் தடவை ஸ்பீக்கரில் இருந்தாலும் நல்லதுதான், எல்லோரும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னேன்.

"உன் கைக்கு என்னம்மா குறைச்சல்? ராசியான கை. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மாமியார் குரலும் கேட்டது. "நம்ம பிரமிளா கை பட்டா வாழமட்டகூட வேர் விடும்" என்றது அந்தக் குரல்.

பிரமிளா, சார். அவளுடைய ஓரகத்தி. லோகநாதனின் தம்பி பெண்டாட்டி. அடுத்தடுத்து இரண்டு பிள்ளை பெற்றவள். மாமியார் அவள் கையால்தான் மீனை விடச் சொல்லியிருக்கிறாள்.

ஒரே தொட்டி. ஒரே தண்ணீர். ஒரே கடை மீன். கை மட்டும்தான் மாறியிருக்கிறது. அதற்குமேல் அந்த ஊரில் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? எல்லாம் அந்தக் கை, இந்தக் கை என்று ஆகிவிட்டது. மீன் மாறியது எனக்கு மட்டும்தான் பெரிதாகப் படுகிறது.

நான் "யாரும்மா பேசுறது" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

குஞ்சு விற்க லோகநாதனே வந்தான். நல்ல குஞ்சு. நான்தான் வாங்கிக்கொண்டேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னான், அம்சவேணி அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அம்மா அனுப்பியிருக்கிறார்களாம். அம்மா வேறு இடத்தில் பெண் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"நீ என்னாப்பா சொன்ன?"

"நான் என்னாத்த சொல்றது."

அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு ஆம்பிளை, கட்டிய பெண்டாட்டிக்காக வாயைத் திறக்கவேண்டாமா? இன்னும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை. அப்படிப்பட்டவனோடு வாழ்ந்துதான் என்ன என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அதை அவள்தானே முடிவு செய்யவேண்டும்.

வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"மீன மாத்திக் குடுத்தீங்க, சரி. சொன்ன சொல்ல யாரு மாத்துறது?" என்றாள்.

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. அதனால்தான் இன்றைக்குக் கிளம்பினேன். அதனால்தான் என்றால், அது ஒரு காரணம். காலையில் மருந்துத் தீனி கலக்கிப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஒரு வேளை விட்டால் நிறம் ஒரே சீராக ஏறாது.

அண்ணன் வீடு பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே. வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "மீனெல்லாம் நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டாள். எங்கள் கடை மீனை, சார்.

சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். ஜோடி என்பதையும் சொன்னேன், புது ரகம் என்றதையும் சொன்னேன். மருந்தைச் சொன்னேன். அவள் உரித்துக்கொண்டே கேட்டாள். பாதியில் கை நின்றது.

"அப்ப, தீனி எடுக்காம செத்துச்சே, அது?"

"அதுக்கு உள்ள சினைப்பையே வளர்ந்திருக்காதும்மா."

"அது வாயில வச்சிருக்குன்னு நெனச்சு நானும் வெள்ளிக்கெழமையெல்லாம் சாப்பிடல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். முறத்தைத் தள்ளி வைத்தாள். புடவையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டாள்.

"இத எங்கிட்ட சொல்லி என்னாண்ணே ஆவும்? எங்க வீட்டுல வந்து சொல்லுங்க."

"நீயே சொல்லேம்மா. நான் சொன்னேன்னு சொல்லு."

"நான் சொன்னா நம்புவாங்களா? தப்பிக்கப் பொய் சொல்றான்னுவாங்க. கடைக்காரர் சொன்னாதான் நம்புவாங்க. அன்னிக்கும் அப்படித்தான நம்புனாங்க."

குத்திக் காட்டவில்லை. நியாயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"பெரியபாளையம் வண்டி இப்ப வந்துடும். கூட வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணே, போதும். அத்த இருப்பாங்க, அவரும் இன்னிக்கு சவாரி போலன்னு சொன்னாங்க. இருங்க, பொடவ மாத்திக்கிட்டு வந்துடறேன்."

சரி என்று தலையாட்டினேன். உள்ளே ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். பீரோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அண்ணி, அந்த மாம்பழக் கலர் பொடவ எங்க வச்சீங்க?" என்று கேட்கிறாள். நான் கடையில் முதல் நாள் கேட்ட குரல். அதற்கப்புறம் போனில் ஒரு தடவைகூட அந்தக் குரல் வரவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன் சார். அது அவர்கள் குடும்ப விஷயம். மூன்றாவது மனுஷன் நடுவில் போய் நிற்பது முறையா? அங்கே மாமியார் கத்துவாள், ஊர் கூடும், யாராவது போனில் படம் எடுப்பார்கள். அது தெருவுக்கு வரும். தெருவில் எத்தனை குடும்பம் பிழைக்கிறது. யாருக்கு அநியாயம் நடந்ததோ அவளிடம் நான் சொல்லியாகிவிட்டது. நேரில் வந்து சொன்னேன். வேறு எந்தக் கடைக்காரன் வருவான், சொல்லுங்கள்.

எழுந்து பஸ் வருகிறதா என்று பார்க்கத்தான் ரோட்டுக்கு வந்தேன். பெரியபாளையம் வண்டி வரவில்லை. எதிர்ப்பக்கம் போகிற இந்த வண்டிதான் வந்தது. நான் கை காட்டினேனா என்று ஞாபகம் இல்லை. நின்றது. ஏறிவிட்டேன்.

அந்தப் புடவை இந்நேரம் கிடைத்திருக்கும்.